மழையும் பெய்தது, காற்றும் அடித்தது

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் தரம் 6, 7 பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். ஆங்கில ஆசிரியர் மாற்றலாகிப் போனதால் இந்த வருடம் அந்தப் பாடமும் என் தலையில். சென்ற வாரம் பத்து வாக்கியங்கள் கொடுத்து, கூட்டு வாக்கியங்களின் கீழே கோடிடச் சொன்னேன். 'உம்' வந்த எல்லாவற்றுக்கும் 'மற்றும்' வந்த எல்லாவற்றுக்கும் கோடிட்டுவிட்டார்கள். ஆங்கிலத்திலும் இதே கதை: 'அண்ட்' கண்ட இடமெல்லாம் கோடு. ஏழு இணைப்புச் சொற்களையும் ஒரே மூச்சில் ஒப்புவிக்கிறார்கள். வாக்கியத்தைக் காட்டினால் விழிக்கிறார்கள். இலக்கணத்தை விட்டுவிட்டு வாசிக்க மட்டும் வைக்கலாமா என்றுகூட யோசிக்கிறேன். நீங்கள் எழுதுகிறவர். உங்களுக்கு இது எப்படிப் பிடிபட்டது?

இன்னொன்று. 'ஆனால்' வைத்து ஒரு கூட்டு வாக்கியம் எழுதச் சொன்னபோது ஒரு பிள்ளை, 'அக்கா கொழும்புக்குப் போனாள், ஆனால் அவளுடைய செருப்பு வாசலில் இருக்கிறது' என்று எழுதியிருந்தாள். இரண்டுக்கும் முரணே இல்லையே என்று பிழை போட்டேன். மனம் கேட்கவில்லை. சரியா, பிழையா?

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை

*

அன்புள்ள டீச்சர்,

செருப்பைக் கடைசியில் பார்ப்போம். முதலில் கோடு.

உங்கள் பிள்ளைகள் போட்ட அதே கோட்டை நானும் போட்டிருக்கிறேன். ஆறாம் வகுப்பில் கூட்டு வாக்கியம் ஒன்று எழுதச் சொன்னார்கள். 'நானும் தங்கச்சியும் இஸ்டோருக்குப் போனோம்' என்று எழுதினேன். கொப்பி திரும்பி வந்தபோது சிவப்பில் பெரிய பெருக்கல் குறி. "இரண்டு 'உம்' இருக்கிறதே சேர்?" என்று கேட்டேன். "இருந்தால்?" என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது எழுதிய இந்தக் கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் பாருங்கள். 'அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.' இதிலும் இரண்டு 'உம்' இருக்கிறது. இது கூட்டு வாக்கியம்: தனித்தனியே நிற்கக்கூடிய இரண்டு வாக்கியங்களின் சேர்க்கை. 'நானும் தங்கச்சியும் போனோம்' தனி வாக்கியம். ஒட்டு ஒன்றுதான், வேலைதான் வேறு. இதை எனக்கு அன்றைக்கே யாராவது சொல்லியிருந்தால் பல வருடம் மிச்சமாகியிருக்கும்.

மலைநாட்டுப் பிள்ளைக்குச் சொல்வதானால் மழையையும் காற்றையும் எடுத்துக்கொள்ளலாம். ஆனி, ஆடியில் அவற்றுக்குப் பஞ்சமில்லை.

மழையும் காற்றும் சேர்ந்து அடித்தன.
மழையும் பெய்தது, காற்றும் அடித்தது.

முதலாவதில் 'உம்' இரண்டு பெயர்களைச் சேர்த்துக் கட்டி ஒரே எழுவாயாக்கி, ஒரே பயனிலையிடம் ஒப்படைக்கிறது. இரண்டாவதில் மழைக்குத் தனி வேலை, காற்றுக்குத் தனி வேலை. இங்கேதான் தமிழ் ஒரு விசித்திரம் செய்கிறது. இரண்டு வாக்கியங்களை இணைக்கிற 'உம்' வாக்கியங்களுக்கு நடுவில் வந்து நிற்பதில்லை. ஒவ்வொன்றின் உள்ளேயும் நுழைந்து பெயரின் முதுகில் ஏறிக்கொள்கிறது. 'பெய்தது' போன்ற வினைமுற்றின் மேல் அது ஏறாது. ஏற்றினால் என்ன ஆகும் என்று நான் படிப்பித்த காலத்தில் ஒரு பையன் காட்டினான். மழை பெய்தது, காற்று அடித்தது என்ற இரண்டையும் 'அண்ட்' போட்டு இணைத்த ஆங்கில வாக்கியம் ஒன்றை அவனிடம் மொழிபெயர்க்கக் கொடுத்திருந்தேன். 'மழை பெய்ததும் காற்று அடித்தது' என்று எழுதிக் கொண்டுவந்தான். 'அண்ட்' என்றால் 'உம்' என்று நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். அவன் சொல்லுக்குச் சொல் ஒட்டிவிட்டான். மழை பெய்த உடனே காற்று அடித்தது என்று பொருள் மாறிப்போனது. அவனுக்குப் புள்ளி குறைக்க எனக்குக் கை வரவில்லை.

ஆகவே சொல்லைத் தேட விடாதீர்கள். தொல்காப்பியமும் நன்னூலும் உம்முக்கு எட்டுப் பொருள் சொல்கின்றன; எண்ணிச் சேர்ப்பது அவற்றில் ஒன்று மட்டுமே. 'எல்லாப் பிள்ளைகளும் வந்தார்கள்' என்பதிலும் 'மழையிலும் வேலைக்குப் போனார்' என்பதிலும் 'உம்' இருக்கிறது. எதையும் அது எண்ணிச் சேர்க்கவில்லை. 'உம்' பார்த்துக் கோடு போடுகிறவன் இரண்டிலும் விழுவான்.

பிறகு எதைத் தேடுவது? பயனிலையை. நான் செய்தது இது. பழைய கலண்டர் தாள்களின் பின்பக்கத்தில், வரிக்கு ஒன்றாக வாக்கியங்களைப் பெரிய எழுத்தில் எழுதி, நீளவாக்கில் வெட்டிக் கையில் கொடுத்துவிடுவேன். அடிமட்டம், பென்சில் எதுவும் வேண்டாம். ஒரே வேலைதான்: கிழிக்க வேண்டும். கிழித்த இரண்டு துண்டையும் ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு வகுப்பின் இரு மூலைக்குப் போய் உரக்க வாசிக்க வேண்டும். இரண்டு துண்டும் தனியே நின்று பேசினால் கூட்டு வாக்கியம். ஒன்று தொங்கினால் இல்லை.

'மழையும் காற்றும் சேர்ந்து அடித்தன' என்பதைக் கிழித்த பிள்ளை ஒரு மூலையில் நின்று 'மழையும்' என்பாள். மற்றவர்கள் "மழையும்? என்ன செய்தது?" என்று கத்துவார்கள். அந்தச் சத்தம்தான் பாடம். 'மழையும் பெய்தது' என்ற துண்டைப் பிடித்தவனிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை. "மழையும் என்றால் வேறு என்ன?" என்று கேட்கிற ஒரு கெட்டிக்காரி எப்போதும் இருப்பாள். அவளிடம், அந்த உம்மைக் கொழுந்து போலக் கிள்ளி எறிந்துவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். 'மழை பெய்தது.' நிற்கிறது. 'மழை' என்று மட்டும் நின்றால் நிற்காது.

வினையை எண்ணச் சொல்லாமல் பயனிலையை எண்ணச் சொல்கிறேன் என்பதைக் கவனித்திருப்பீர்கள். 'அப்பா சாரதி, ஆனால் சித்தப்பா மேசன்' என்பதில் வினையே கிடையாது. பெயரே பயனிலையாக நிற்கிறது. கிழித்தால் இரண்டும் நிற்கும். வினையை எண்ணப் பழகிய பிள்ளை இங்கே கையை விரித்துவிடும்.

பிள்ளைகள் தேறிய பிறகு, ஒரு வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடத்துக்கு இந்த வாக்கியத்தை வைத்துக்கொள்ளுங்கள்: 'கிலோ எடுத்தால் பேர், எடுக்காவிட்டால் அரைப் பேர்.' தோட்டத்துக்கு வெளியே இதை வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: பேர் என்பது ஒரு நாள் சம்பளம். சொன்ன அளவு கொழுந்து நிறுவையில் விழாவிட்டால் பாதிதான் விழும். உங்கள் வகுப்பில் இந்த வாக்கியத்தை வீட்டில் கேட்காத பிள்ளை அனேகமாக இருக்காது. நடுவில் கிழித்தால் இரண்டு பாதியும் நிற்கின்றன. ஒரு பாதியை மறுபடி கிழித்துப் பாருங்கள். 'கிலோ எடுத்தால்' என்ற துண்டு தொங்கிவிடும். நடுவில் இருப்பது சமமான இரண்டின் சேர்க்கை. உள்ளே இருப்பது ஒன்றையொன்று சார்ந்த கட்டு. கூட்டு வாக்கியத்துக்கும் கலப்பு வாக்கியத்துக்கும் உள்ள வேறுபாடு அவ்வளவும் அந்த ஆறு சொல்லில் இருக்கிறது. வரைவிலக்கணம் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்விப்பதை விட இது எவ்வளவோ மேல்.

இனி உங்கள் பிள்ளைகள் ஏன் திணறுகிறார்கள் என்பதற்கு வருகிறேன். தமிழில் இயல்பாகப் பேசும்போது கூட்டு வாக்கியம் நாம் நினைக்கிற அளவுக்கு வருவதில்லை. 'அம்மா மலையிலிருந்து வந்து, குளித்து, விளக்கேற்றி, ரொட்டி சுட்டார்.' நான்கு வேலை, ஒரே ஒரு முற்று. மூன்றை 'வந்து', 'குளித்து' என்று முடியாத எச்சமாக விட்டுவிட்டுக் கடைசியில் ஒரு முடிச்சுப் போடுவது நம் பழக்கம். சிங்களத்திலும் இதுதான் நடக்கிறது. 'கெதர கிஹின் பத் கேவா' என்று கடைத்தெருவில் பிள்ளைகள் கேட்கிறார்களே, அதுவும் 'வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிட்டார்' என்ற அதே அமைப்பு. ஆங்கிலம் இந்த இடங்களிலெல்லாம் முற்றை முற்றாகவே வைத்துக்கொண்டு நடுவில் ஓர் 'அண்ட்' செருகுகிறது. நம் பிள்ளைகளின் காதில் இரண்டு மொழி எச்சத்தால் ஓடுகின்றன. மூன்றாவது மொழிதான் முற்றுக்கும் முற்றுக்கும் நடுவில் கொக்கி போடுகிறது. இதைச் சொல்லாமல் ஏழு கொக்கியை மட்டும் கையில் கொடுத்தால் எதில் மாட்டுவது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

எச்சத்தால் வந்த வாக்கியம் கூட்டா, தனியா என்று உங்கள் சக ஆசிரியர்கள் சண்டை பிடிப்பார்கள். பிடிக்கட்டும். முற்று ஒன்று என்பதால் கிழித்தால் நிற்காது, ஆகவே கூட்டு அல்ல என்பது என் கட்சி. பதினொரு வயதுப் பிள்ளையின் வினாத்தாளில் மட்டும் அதை வைக்காதீர்கள்.

ஆங்கிலத்துக்கு அதே தாள், அதே கிழிசல். 'ஷீ கேம் அண்ட் ஷீ சாங்' என்பதில் இரண்டு பக்கமும் நிற்கும். 'ஷீ கேம் அண்ட் சாங்' என்பதில் வலப்பக்கம் 'சாங்' என்று தலை இல்லாமல் நிற்கும். ஆங்கிலத்தில் ஒவ்வொரு பாதிக்கும் சொந்த எழுவாய் வேண்டும். தமிழில் 'வந்தேன், ஆனால் இருக்கவில்லை' என்றால் போதும், 'நான்' தேவையில்லை. இந்த ஒரு வித்தியாசத்தைக் கரும்பலகையில் பக்கம் பக்கமாக எழுதிக் காட்டுங்கள். அதற்குப் பிறகு ஏழு சொல்லும் வரட்டும்: ஃபோர், அண்ட், நோர், பட், ஓர், யெட், சோ. 'நோர்' எனும்போது யாரும் மிரள வேண்டாம். 'வெயிலும் இல்லை, மழையும் இல்லை' என்று அவர்கள் தினமும் சொல்வதுதான் அது. 'பிகோஸ்' இந்தப் பட்டியலில் சேராது என்பதை மறக்காமல் சொல்லுங்கள். பிள்ளைகள் எட்டாவதாக அதைச் சேர்த்துவிடுவார்கள்.

தமிழில் நடுவே நிற்கிற சொற்களைப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது அவற்றின் வயிற்றைக் கொஞ்சம் கீறிக் காட்டலாம். ஆனால், ஆனாலும், ஆகவே, ஆகையால் எல்லாம் 'ஆகு' என்ற வினையிலிருந்து வந்தவை. எனவே, என்றாலும், ஏனென்றால் எல்லாம் 'என்' என்று சொல்லும் வினையின் பிள்ளைகள். இணைப்புச் சொல் வேண்டும் என்றபோது தமிழ் தன் வினைகளைத்தான் வளைத்துக்கொண்டது. பெரிய வகுப்புப் பிள்ளைகள் இதை விரும்புவார்கள்.

'மற்றும்' பற்றி ஒரு வார்த்தை, கோபமாகவே. மேலிடத்துச் சுற்றறிக்கைகளிலிருந்து இறங்கி வந்து கொப்பிகளில் குடியேறிவிட்டது அது. வரிசையாகப் பெயர்கள் வரும் இடத்தில் ஒரு முறை வந்தால் பொறுத்துக்கொள்வேன். 'மழை பெய்தது மற்றும் காற்று அடித்தது' என்று எழுதினால் அது ஆங்கிலத்துக்குத் தமிழ்ச் சட்டை. உங்கள் ஊரில் எந்த அப்பாயியாவது அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? பயிற்சி வாக்கியங்களிலிருந்து அதை எடுத்துவிடுங்கள். பாதிக் கோடு தானாகவே குறையும்.

இலக்கணத்தை விட்டுவிடலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். தரம் 7 பிள்ளை ஒன்றின் கட்டுரையை எடுத்துப் பாருங்கள். 'பிறகு', 'பிறகு' என்று அரைப் பக்கம் ஓடி, முற்றுப்புள்ளி எங்கே என்று தெரியாமல் தாளின் ஓரத்தில் மோதி நிற்கும். எங்கே கிழிக்கலாம் என்று தெரிந்த பிள்ளைக்கு எங்கே புள்ளி வைப்பது என்றும் தெரியும்.

இனிச் செருப்பு.

கிழித்துப் பார்த்தேன். 'அக்கா கொழும்புக்குப் போனாள்.' நிற்கிறது. 'அவளுடைய செருப்பு வாசலில் இருக்கிறது.' அதுவும் நிற்கிறது. கூட்டு வாக்கியம் என்பதில் சந்தேகமில்லை. முரண் இல்லை என்கிறீர்கள். ஆனால் 'ஆனால்' எதிர்த்து நிற்பது முன் வாக்கியத்தோடு மட்டுமா? முன் வாக்கியத்தைக் கேட்டவர் அடுத்து என்ன எதிர்பார்ப்பாரோ, அதோடும் மல்லுக்கு நிற்கும். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் வாசலில் செருப்பு கிடந்தால் ஆள் உள்ளே இருக்கிறார் என்று பொருள். நாம் எல்லோரும் அப்படிப் பார்த்துத்தான் கதவைத் தட்டுகிறோம். அக்கா போய்விட்டாள், செருப்போ அவள் வீட்டில்தான் இருக்கிறாள் என்கிறது. புதுச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு பஸ் ஏறியிருப்பாள் போலிருக்கிறது. அந்தப் பிள்ளை காலையில் பாடசாலைக்குக் கிளம்பும்போதெல்லாம் அதைத் தாண்டித்தான் வர வேண்டும்.

'ஆனால்' இருந்த இடத்தில் 'உம்' வைத்துப் பாருங்கள்: 'அக்கா கொழும்புக்குப் போனாள், அவளுடைய செருப்பும் வாசலில் இருக்கிறது.' ஒன்றுமே இல்லாமல் போய்விடுகிறது. அந்த ஒரு சொல்லை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

சிவப்பு மையில் போட்ட பிழையை அழிறப்பர் தொடாது. பக்கத்திலேயே ஒரு சரி போட்டு, கீழே உங்கள் ஒப்பத்தை வைத்து, கொப்பியை அவள் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.