நடுவழியில் ஹெட்லைட்டும் இண்டிகேட்டரும் கைவிட்டால்

கேள்வி: எட்டு ஆண்டுகள் ஓடிய ஹேட்ச்பேக் கார் என்னுடையது. சென்ற மாதம் தாம்பரத்திலிருந்து திருச்சிக்கு இரவில் குடும்பத்தோடு சென்றபோது, உளுந்தூர்பேட்டையைத் தாண்டியதும் இடப்பக்க இண்டிகேட்டர் வழக்கத்தைவிட வேகமாக அடிக்கத் தொடங்கியது. சற்று நேரத்தில் வலப்பக்க ஹெட்லைட் லோ பீமில் எரியவில்லை என்பதும் தெரிந்தது. ஹை பீமில் இரண்டு பக்கமும் எரிந்ததால் அப்படியே ஓட்டிக்கொண்டு போனேன்; எதிரே வந்த லாரிக்காரர்கள் எல்லோரும் லைட் அடித்துக் கோபத்தைக் காட்டினார்கள். இப்படிப்பட்ட நேரத்தில் என்ன செய்திருக்க வேண்டும்? பல்பை நானே மாற்றலாமா? போலீஸ் பிடித்தால் அபராதம் உண்டா? பேசாமல் எல்லாவற்றையும் எல்இடி ஆக்கிவிடலாமா?

பதில்: நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால், ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு பல்புகள் ஒரே இரவில் போயிருக்கின்றன. உங்களுடையதைப் போன்ற கார்களில் பெரும்பாலும் எச்4 என்ற வகை ஹாலஜன் பல்புதான் ஹெட்லைட்டில் இருக்கும். ஒரே கண்ணாடிக்குள் ஹை பீமுக்கு 60 வாட் இழை ஒன்றும் லோ பீமுக்கு 55 வாட் இழை ஒன்றும் இருப்பதால், லோ இழை அறுந்தாலும் ஹை இழை எரிந்துகொண்டே இருக்கும். ஊருக்குள் நாம் எந்நேரமும் லோ பீமிலேயே ஓட்டுவதால் அந்த இழைதான் முதலில் தேய்ந்து போகிறது.

இண்டிகேட்டர் வேகமாக அடிப்பது தனிக் கோளாறு அன்று. காரே உங்களுக்குச் சொல்லும் செய்தி அது. இண்டிகேட்டர் நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவை வரை மின்ன வேண்டும். ஒரு பக்கத்தின் முன் பல்போ பின் பல்போ அணைந்துவிட்டால், அந்தப் பக்கம் இழுக்கும் கரண்ட் குறைந்ததை, இண்டிகேட்டரை மின்ன வைக்கும் ஃபிளாஷர் ரிலே உணர்ந்து, ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் அடிக்கும். முன் சக்கரத்தை ஒட்டிய ஃபெண்டர் தகட்டிலோ பக்கவாட்டுக் கண்ணாடியிலோ இருக்கும் 5 வாட் சிறு பல்பு போனால் பெரும்பாலும் இந்த எச்சரிக்கை வராது. அதை இறங்கிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இனி, வழியில் என்ன செய்திருக்கலாம் என்பதற்கு வருகிறேன். இரவில் விளக்கு போனால் நமக்குச் சாலை தெரியவில்லையே என்றுதான் எல்லோரும் முதலில் கவலைப்படுகிறோம். என் கணக்கில் அது இரண்டாவது கவலை. நம்முடைய வண்டி எவ்வளவு அகலம், எங்கே இருக்கிறது, எப்போது நிற்கப் போகிறது என்பது மற்றவர்களுக்குத் தெரிகிறதா என்பதே முதல் கவலை. ஏனெனில், நமக்குச் சாலை தெரியாவிட்டால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம். பின்னால் வரும் ஆம்னி பஸ்ஸின் வேகத்தை நாம் குறைக்க முடியாது.

இந்தக் கணக்குப்படி பார்த்தால் வலப்பக்க லோ பீம் அணைவதே கூடுதல் ஆபத்து. இடப்பக்கம் மட்டும் எரியும் கார், எதிரே வருபவருக்கு ஓரமாக வரும் இரு சக்கர வாகனம் போலத் தோன்றும். விளக்கில்லாத உங்கள் வலது பாதி அவருடைய பாதையை ஒட்டியே வரும். நான்கு வழிச் சாலையில் நடுத்தடுப்பு இருப்பதால் இது ஓரளவு பரவாயில்லை. அதிலிருந்து இறங்கி, தடுப்பில்லாத இரு வழிச் சாலையில் போகும்போதுதான் இது உயிருக்கு உலை வைக்கும். மாற்று பல்பு கையில் இல்லாவிட்டால் இடப்பக்கத்து நல்ல பல்பை வலப்பக்கத்துக்கும், பழுதான பல்பை இடப்பக்கத்துக்கும் மாற்றிப் போடுங்கள். இடப்பக்கத்தில் ஹை பீமும் பார்க்கிங் விளக்கும் அப்போதும் எரியும். ஃபாக் லாம்ப் இருந்தால் அதையும் போட்டுக்கொள்ளலாம். சாலையின் இடது ஓரத்தைக் காட்டும் வெளிச்சம் குறைந்துவிடும் என்பதால், நடந்து போகிறவர்களையும் சைக்கிளில் போகிறவர்களையும் மனத்தில் வைத்து வேகத்தைக் குறைத்து, அடுத்த ஊர் வரை மட்டும் ஓட்டுங்கள்.

இப்படி மாற்றிப் போடுவதில் இன்னொரு பயனும் உண்டு. நல்ல பல்பை மாட்டிய பிறகும் வலப்பக்கம் எரியவில்லையென்றால், குற்றம் பல்பில் இல்லை. ஃபியூஸிலோ, பல்பின் பின்னால் ஒயரோடு செருகியிருக்கும் கப்ளரிலோ, ஒயரிலோ இருக்கிறது என்று புரிந்துவிடும். கழற்றும்போதே கப்ளருக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். மூன்று பித்தளைப் பல்லில் ஒன்று மட்டும் கருத்து, அதைச் சுற்றிய பிளாஸ்டிக் பழுப்பேறிக் கொப்புளித்திருந்தால், தொடர்பு தளர்ந்து சூடாகியிருக்கிறது என்று பொருள். அதில் எத்தனை புதுப் பல்பு போட்டாலும் நிற்காது. கப்ளரையே மாற்ற வேண்டும்.

எச்4 பல்பை நீங்களே மாற்றலாம். என்ஜினையும் விளக்கையும் அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் ஆறவிடுங்கள். எரிந்துகொண்டிருந்த ஹாலஜன் பல்பு கையைப் பொசுக்கிவிடும். கப்ளரை நேராகப் பின்னால் இழுத்து, ரப்பர் மூடியைக் கழற்றி, கம்பிக் கிளிப்பை அழுத்தி விடுவித்தால் பல்பு வெளியே வரும். புதுப் பல்பின் கண்ணாடியை விரலால் தொடக் கூடாது. விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் மட்டும் அதிகம் சூடாகிப் பல்பின் ஆயுள் குறையும். தெரியாமல் தொட்டுவிட்டால் ஸ்பிரிட் தொட்ட சுத்தமான துணியால் துடைத்துவிடலாம். பல்பின் தகட்டில் உள்ள மூன்று காதுகளும் ஒரே அளவில் இல்லாததால் அது ஒரு விதமாகத்தான் சரியாக உட்காரும். சாய்ந்து உட்கார்ந்தால் வெளிச்சம் எதிரே வருபவரின் கண்ணுக்குப் போகும். ரப்பர் மூடியைத் திரும்ப இறுக்கமாக மாட்ட மறந்தால் முதல் மழையிலேயே விளக்குக்குள் நீர் கோத்துக்கொள்ளும். சில கார்களில் பேட்டரியையோ ஏர் ஃபில்டர் பெட்டியையோ நகர்த்தினால்தான் கை நுழையும். உங்கள் கார் எந்த ரகம் என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகலில் வீட்டு வாசலில் வைத்தே பார்த்துக்கொள்ளுங்கள்; நள்ளிரவில் கற்றுக்கொள்ளும் வேலை அன்று இது.

வேலை பார்க்கும் இடம் பெட்ரோல் பங்க், டோல் பிளாசா போல வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ளதாக இருக்கட்டும். வேறு வழியின்றிச் சாலையோரம் நிறுத்த நேர்ந்தால், வண்டிகள் ஓடும் பாதையிலிருந்து முற்றிலும் விலகி இடது ஓரத்தில் நிறுத்தி, நான்கு இண்டிகேட்டரையும் போட்டு, எச்சரிக்கை முக்கோணத்தைக் குறைந்தது 50 மீட்டர் பின்னால் வையுங்கள். குடும்பத்தாரைக் காருக்குள் உட்கார வைக்காமல் ஓரத் தடுப்புக்கு அப்பால் நிற்கச் சொல்லுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033 என்ற எண்ணை அழைக்கலாம்.

பின்பக்க விளக்குகளிலும் ஒன்றை எடுத்து இன்னொன்றுக்குப் போடும் வழி உண்டு. ஆனால் எல்லாம் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. வண்ணக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் இண்டிகேட்டரில் 21 வாட் வெள்ளைப் பல்பு இருக்கும். பல கார்களில் ரிவர்ஸ் விளக்கிலும் அதுவே இருப்பதால் அங்கிருந்து எடுத்துப் போடலாம். வெள்ளைக் கண்ணாடி கொண்ட இண்டிகேட்டரில் பல்பே ஆரஞ்சு நிறமாக இருக்கும். வெள்ளைப் பல்பை அதில் யாரும் போட்டுவிடக் கூடாது என்பதற்காகவே அதன் பக்கவாட்டு முளைகளை நேரெதிராக வைக்காமல் சற்று விலக்கி அமைத்திருக்கிறார்கள். டெயில் லாம்ப்பும் பிரேக் லைட்டும் ஒன்றாக உள்ள 21/5 வாட் இரட்டை இழை பல்பில் ஒரு முளை மேலேயும் ஒன்று கீழேயும் இருக்கும். நுழையவில்லையே என்று அழுத்தித் திருப்பினால், டெயில் லாம்ப் பிரேக் லைட்டின் பிரகாசத்தில் எந்நேரமும் எரிந்து, பிரேக் அடிப்பது பின்னால் வருபவருக்குத் தெரியாமலே போகும். முன்னும் பின்னும் ஒரே வகை இண்டிகேட்டர் பல்பு என்றால், முன்னதைக் கழற்றிப் பின்னால் போடுவதே சரி.

இடப்பக்க இண்டிகேட்டர் எரியாத நிலையில் ஓட்ட நேர்ந்தால், பகலில் வலது கையை வெளியே நீட்டி, கடிகாரம் சுற்றும் திசைக்கு எதிராகச் சுழற்றிக் காட்டலாம். அதுவே இடப்பக்கம் திரும்புவதற்கான கை சைகை. இரவில் அந்தக் கை யாருக்கும் தெரியாது. வெகு முன்பாகவே இடது ஓரத்துக்கு வந்து, பிரேக்கை விட்டு விட்டு அழுத்தி, மெதுவாகத் திரும்புவதுதான் வழி. நான்கு இண்டிகேட்டரையும் எரியவிட்டபடி ஓட்டுவது இதற்கு மாற்று ஆகாது. மழையிலும், சந்திப்பில் நேராகப் போகும்போதும் அதைப் போட்டுக்கொள்ளும் பழக்கம் நம் சாலைகளில் பரவியிருப்பதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது. அதை எரியவிட்ட பிறகு நீங்கள் எந்தப் பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்று ஒருவருக்கும் தெரியாது.

ஒரு பல்பு மட்டுமின்றிப் பல விளக்குகள் ஒன்றாக அணைந்தால் பல்பைத் தேடாதீர்கள். மேலே உள்ள மூன்றாவது விளக்கு உட்படப் பிரேக் லைட் எதுவுமே எரியவில்லை என்றால், பிரேக் பெடலுக்கு மேலே இருக்கும் சிறு ஸ்விட்சையோ ஃபியூஸையோ சந்தேகிக்க வேண்டும். இண்டிகேட்டர் போடும்போது கூடவே டெயில் லாம்ப்பும் மங்கி மங்கித் துடித்தாலோ, பிரேக் அடித்தால் வேறொரு விளக்கு அரைகுறையாக எரிந்தாலோ, அது எர்த் கோளாறு, அதாவது கரண்ட் காரின் பாடி வழியாகத் திரும்பும் இணைப்பில் உள்ள கோளாறு. டெயில் லாம்ப்பிலிருந்து வரும் கறுப்பு அல்லது பழுப்பு ஒயர் பாடியில் திருகப்பட்டுள்ள இடத்தைத் தேடினால் அங்கே துருவோ பச்சைக் களிம்போ இருக்கும். அதை உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினாலே சரியாகிவிடும். இதற்காக டெயில் லாம்ப்பையே புதிதாக மாற்றச் சொல்லும் கடைகளும் உண்டு.

ஃபியூஸ் போயிருந்தால் அதே ஆம்பியரில்தான் மாற்ற வேண்டும். 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள். அவசரத்துக்கு மியூசிக் சிஸ்டத்தின் ஃபியூஸ் அதே அளவாக இருந்தால் அதைக் கழற்றிப் போட்டுக்கொள்ளலாம். அதுவும் உடனே போனால் எங்கோ ஷார்ட் இருக்கிறது, மூன்றாவதைப் போடாதீர்கள். ஒயரைச் சுற்றிப் போடுவதும் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை வைப்பதும் ஒயரிங் முழுவதையும் எரித்துவிடும்.

எந்த நிலையில் பயணத்தையே நிறுத்த வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு லோ பீமும் போனால், இரண்டு டெயில் லாம்ப்பும் போனால், அல்லது பிரேக் லைட் முழுவதும் போனால், இரவில் நெடுஞ்சாலையில் ஒரு கிலோமீட்டர்கூட நீடிக்க வேண்டாம். விடியும் வரை பாதுகாப்பான இடத்தில் தங்கிவிடுங்கள். பிரேக் லைட் முழுவதும் போனால் பகலிலும் அதைச் சரிசெய்யாமல் கிளம்பாதீர்கள். நீங்கள் செய்ததுபோல் ஹை பீமிலேயே ஓட்டுவது தீர்வாகாது. எதிரே வருபவருக்குச் சில நொடிகள் கண் தெரியாமல் போனால் அவர் வந்து மோதக்கூடிய வண்டி உங்களுடையதாகவே இருக்கலாம்.

அபராதம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். விளக்கு எரியாமல் ஓட்டுவது 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளுக்கு மாறானது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் உள்ள 177-ஆவது பொதுத் தண்டனைப் பிரிவின்படி, 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவை 500 ரூபாய் வரையும் அடுத்த தடவைகளில் 1,500 ரூபாய் வரையும் விதிக்கலாம். வழியில்தான் போயிற்று என்பதைச் சொல்லிப் பார்க்கலாம். கையில் மாற்று பல்பு இருந்தால் அந்தப் பேச்சுக்குக் கொஞ்சம் மதிப்பிருக்கும். எச்4 ஒன்று, இண்டிகேட்டர் பல்பு ஒன்று, 21/5 வாட் ஒன்று, நான்கைந்து ஃபியூஸ் ஆகியவை ஒரு பழைய துணியில் சுற்றி டாஷ்போர்டில் அடங்கிவிடும். பெரிய செலவும் இல்லை.

எல்இடி யோசனையை நான் ஆதரிக்கவில்லை. ஹாலஜன் ஹெட்லைட்டில் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் ரிஃப்ளெக்டர், இழை இருக்கும் அந்தச் சிறு புள்ளியைக் கணக்கிட்டு வளைக்கப்பட்டது. அதில் எல்இடி பல்பைச் செருகினால் உங்களுக்கு வெள்ளை வெளேரென்று தெரியும். எதிரே வருபவருக்குக் கண் கூசும். அந்தக் காருக்கு அளிக்கப்பட்ட ஒப்புதலுக்கும் அது புறம்பானது. இண்டிகேட்டரில் போட்டாலோ கரண்ட் குறைவாக இழுப்பதால், நீங்கள் இப்போது புகார் சொல்லும் அதே வேகமான துடிப்பு திரும்ப வந்துவிடும். அதைச் சரிசெய்யச் சேர்க்கும் ரெசிஸ்டர் கை வைக்க முடியாத அளவு சூடாகும். சென்னைப் புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் தாராளமாகக் கிடைக்கும் 100/90 வாட் பல்புகளையும் தவிர்த்துவிடுங்கள். 60/55 வாட்டுக்கு என்று போட்ட ஒயரும் கப்ளரும் அதைத் தாங்காது.

இதெல்லாம் செய்தும் ஓரிரு மாதத்துக்குள் மீண்டும் பல்பு போனால், கார் எலக்ட்ரீஷியனிடம் என்ஜினைச் சற்று வேகமாக ஓடவிட்டுப் பேட்டரி முனைகளில் வோல்டேஜ் பார்க்கச் சொல்லுங்கள். 13.8 முதல் 14.5 வரை இருந்தால் பெரும்பாலான கார்களுக்கு அது சரி. 15-ஐத் தாண்டினால், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பழுதாகியிருக்கிறது. அதை மாற்றாமல் அடுத்த பல்பை வாங்க வேண்டாம்.