முதல் பரிசே இல்லாத போட்டியில் பிறந்த படகு

கேள்வி: ‘ஃபோக்போட்’ என்ற பழைய மரப் பாய்மரப் படகின் படத்தைப் பார்த்தேன். 25 அடிதான் இருக்கும். இதற்கு ஏன் இத்தனை புகழ்? இதில் தனியாளாக அட்லாண்டிக்கைக் கடந்தார்களாமே, நிஜமா?

பதில்: நிஜம்தான். ஆனால் பிறந்த கதை அதைவிட வேடிக்கை. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, அதிகம் செலவில்லாமல் கட்டக்கூடிய, குடும்பத்தோடு போய்வர ஏற்ற ஒரு சின்னப் படகு வேண்டும் என்று ஸ்காண்டிநேவியப் பாய்மரப் படகுச் சங்கத்தினர் போட்டி வைத்தார்கள். 58 வரைபடங்கள் வந்தன, முதல் பரிசு யாருக்கும் இல்லை! தேறியவற்றின் நல்ல அம்சங்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து வரைந்து தரும் வேலை ஸ்வீடனின் டூர்ட் சுண்டேனுக்குப் போனது. முதல் படகு 1942 ஏப்ரலில் கோத்தன்பர்க்கில் தண்ணீரில் இறங்கியது. பெயருக்கு அர்த்தம் ‘மக்கள் படகு’. பத்துப் பேர் யோசனையைக் கலந்தால் எதுவும் உருப்படாது என்பார்கள், இது உருப்பட்டுவிட்டது. வரைந்தவருக்குத்தான் வெகுகாலம் உரிய பெயர் கிடைக்கவில்லை.

நீளம் 7.64 மீட்டர், எடை சுமார் 2 டன். அதில் ஏறக்குறைய பாதி, அடியில் தொங்கும் இரும்புதான். காற்றில் எவ்வளவு சாய்ந்தாலும் நிமிர்ந்துகொள்ள வைப்பது அதுவே. பக்கப் பலகைகளை ஓடு வேய்வதுபோல ஒன்றன் விளிம்பில் ஒன்றை ஏற்றி, செம்பு ஆணியால் இறுக்கியிருப்பார்கள். குளிர்காலம் முழுக்கக் கரையில் கிடந்து காய்ந்த பலகை சுருங்கிவிடும், அதனால் வசந்தத்தில் தண்ணீரில் இறக்கிய அன்று கசியத்தான் செய்யும். புதிதாக வாங்கியவர் பதறிப்போவார். பழகியவர் தண்ணீரை இறைத்துவிட்டுக் காத்திருப்பார், ஓரிரு நாளில் மரம் ஊறி உப்பி இடுக்குகள் தானாக அடைந்துவிடும்.

சரி, அட்லாண்டிக்குக்கு வருவோம். ‘ஜெஸ்டர்’ என்பது ஃபோக்போட்டை மாற்றிக் கட்டிய படகு. பிரிட்டனின் பிளாண்டி ஹேஸ்லர் அதில் சீனக் கப்பல்களில் இருப்பதுபோன்ற குச்சி கோத்த பாய் ஒன்றைப் பொருத்தினார். மேல்தளத்துக்கு ஏறாமல், நடுவில் உள்ள வட்டத் திறப்பில் நின்றபடியே பாயை ஏற்றலாம், இறக்கலாம். காற்றைப் பார்த்துத் தானே சுக்கான் திருப்பும் கருவியும் அவர் கைவண்ணம். 1960இல் இங்கிலாந்தின் பிளிமத்திலிருந்து நியூயார்க் வரை நடந்த முதல் தனியாள் பந்தயத்தில் 48 நாளில் வந்து சேர்ந்து இரண்டாமிடம் பிடித்தார். முதலில் வந்த பிரான்சிஸ் சிச்செஸ்டரின் படகு இதைவிட ரொம்பப் பெரியது. அப்புறம் ஜெஸ்டரை வாங்கிய மைக் ரிச்சி அதில் பல தடவை கடல் கடந்தார். 1988இல் நடுக்கடலில் புரண்டு சேதமானபோது அவரைக் கப்பல் ஒன்று காப்பாற்றியது, படகு போய்விட்டது. பிறகு அதே மாதிரி இன்னொன்றைக் கட்டி, அதற்கும் ஜெஸ்டர் என்றே பெயர் வைத்தார்கள்.