பாம்பன் பாலத்தில் கைமாறும் அழைப்பு

கேள்வி: ஆடி அமாவாசையன்று இராமேசுவரத்தில் நின்று ஊருக்குப் பேச முயன்றால் அழைப்பே போவதில்லை. ஆனால் மண்டபத்தில் பேசத் தொடங்கிய பேருந்துப் பயணியின் பேச்சு பாலம் தாண்டியும் தொடர்கிறது. இது என்ன நியாயம்? தனுஷ்கோடியின் கோடியிலுள்ள அரிச்சல்முனையில் பேசிக்கொண்டிருந்தால் அழைப்பு இலங்கை டவருக்குப் போய்விடுமா?
– வாசகர், மண்டபம்

பதில்: நியாயம்தான். பேருந்து பாலத்தில் ஏறியதும் கைப்பேசி அக்கம்பக்கத்து டவர்களின் சிக்னலை அளந்து (2ஜி முறையில் சுமார் அரை வினாடிக்கு ஒருமுறை) தெரிவித்துக்கொண்டே இருக்க, மண்டபத்து டவர் வலுவிழக்கும் தறுவாயில் அழைப்பைத் தீவின் டவரிடம் ஒப்படைக்க நெட்வொர்க் முடிவு செய்கிறது. அங்கே காலித் தடம் (ஓர் அழைப்பைச் சுமக்கும் அலைவரிசை இடம்) இல்லையென்றால் பேச்சு பாதியில் அறுந்துவிடும். அதனால்தான், வேறு டவரிலிருந்து கைமாறி வரும் அழைப்புகளுக்கென்றே சில தடங்களை ஒதுக்கிவைத்துவிட்டு, புதிதாக எண்ணை அழுத்துவோருக்கு 'இடமில்லை' என்று சொல்லும் முறை உண்டு. தொடங்காத பேச்சைவிட அறுந்த பேச்சே எவருக்கும் அதிக எரிச்சலூட்டும். (துண்டிப்பு ஒன்றுக்கு 1 ரூபாய் ஈடு தரவேண்டுமென 2015இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதித்ததையும், 2016இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்ததையும் பலர் மறந்திருப்பார்கள்.)

எத்தனை தடங்களை ஒதுக்குவது என்பதில்தான் சிக்கல். அதிகம் ஒதுக்கினால் அவை சும்மா கிடக்க, அக்னி தீர்த்தக் கரையில் நிற்பவர் வீணாகத் திருப்பி அனுப்பப்படுவார். குறைத்தால் பாலத்தில் வருபவரின் பேச்சு அறும். சாதாரண நாளின் கணக்கு அமாவாசைக்குச் செல்லாது என்பதால், நெரிசலுக்கேற்ப ஒதுக்கீட்டை மாற்றிக்கொள்வதே சரி என்பேன்.

4ஜியில் தனித் தடம் கிடையாது. எல்லாம் தரவுப் பொட்டலங்களே. ஆனால் அங்கும் வரிசை உண்டு. வோல்ட்இ எனப்படும் 4ஜி வழிப் பேச்சின் குரலுக்கு உறுதியான வேகமும் 100 மில்லிவினாடித் தாமத வரம்பும் தரப்படுகின்றன. சாதாரண இணையப் பயன்பாட்டுக்கு அந்த வரம்பு 300 மில்லிவினாடி, வேக உறுதியும் கிடையாது. பக்கத்தில் நிற்பவரின் வீடியோ சுழன்றுகொண்டே இருக்க, உங்கள் குரல் மட்டும் தெளிவாகப் போவது இதனால்தான்.

பாலத்துக்கென்று இன்னொரு தொல்லையும் உண்டு. தடையற்ற கடல்மேல் சிக்னல் வெகுதூரம் செல்வதால் இரு கரை டவர்களும் ஏறக்குறைய சமவலுவில் தெரியலாம்; அப்போது அழைப்பு பந்துபோல இங்குமங்கும் உதைபடும். அதைத் தவிர்க்க, புதிய டவரின் சிக்னல் குறிப்பிட்ட அளவு கூடுதலாகவும், அது சிறிது நேரம் நீடிப்பதாகவும் இருந்தால் மட்டுமே மாற்றம் நடக்கும்.

அரிச்சல்முனையைப் பொறுத்தவரை அஞ்ச வேண்டாம். அழைப்பை ஒப்படைக்கத் தகுந்த அண்டை டவர்களின் பட்டியலைச் சேவை நிறுவனமே வகுக்கிறது. வேற்று நாட்டு டவர்கள் பொதுவாக அதில் இடம்பெறுவதில்லை. ஆகவே நம் சிக்னல் தேய்ந்தால் பேச்சு அறுமேயொழிய, கடல் தாண்டாது. பேசாமல் சும்மா இருக்கும் கைப்பேசியின் கதை வேறு: நம் நெட்வொர்க் கிடைக்காதபோது, ரோமிங் வசதி இருந்தால், அது இலங்கை நெட்வொர்க்கில் பதிந்துகொள்ளக்கூடும். தனுஷ்கோடி செல்லுமுன் ரோமிங்கை அணைத்துவிடுங்கள்.