நொச்சிச் சாறும் முகவர் தரும் சான்றிதழும்

நொச்சி இலைச் சாற்றைத் தொட்டியில் ஊற்றியதும் கொசுப்புழுக்கள் செத்தன. அதே சாறு மஞ்சள் கிழங்கு அழுகலுக்கும் கேட்குமா, ஆய்வகச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன், அதை வைத்துச் சாற்றை விற்கலாம் என்று சொல்லும் முகவரை நம்பலாமா என்று கோபிசெட்டிபாளையம் பகுதி விவசாயி ஒருவர் கேட்டிருக்கிறார்.

முகவரை நம்ப வேண்டாம். 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி, மத்தியப் பதிவுக் குழுவில் பதிவு பெறாத பூச்சிக்கொல்லியை விற்க முடியாது. ஆய்வகத்தின் தாள், நீங்கள் கொடுத்த மாதிரிக்குக் கிடைத்த முடிவைச் சொல்லுமே தவிர, விற்பனைக்கு உரிமை தராது. இதைத் தெரிந்துகொண்டே பணம் வாங்குகிறவர்கள் நம் பக்கத்தில் பெருகிவிட்டார்கள்.

தொட்டியில் புழு செத்ததால் மட்டும் சாற்றில் நஞ்சு இருக்கிறது என்றாகாது. கொசுப்புழு நீர்ப்பரப்புக்கு வந்துதான் மூச்சு விடுகிறது. மேலே எண்ணெய்ப் படலம் படிந்தாலே மூச்சடைத்துச் சாகும். ஆகவே உலக சுகாதார நிறுவனத்தின் வழிமுறைப்படி, ஒவ்வோர் அளவுக்கும் 25 புழுக்கள் வீதம் நான்கு கிண்ணங்களில் விட்டு, 24 மணி நேரம் கழித்து எண்ண வேண்டும். சாறு சேர்க்காத ஒப்பீட்டுக் கிண்ணங்களும் உடன் இருக்க வேண்டும். சாற்றை அசிட்டோனிலோ சாராயத்திலோ கரைத்திருந்தால், அதே அளவு கரைப்பானை ஒப்பீட்டுக் கிண்ணத்திலும் ஊற்றியிருக்க வேண்டும். இல்லையென்றால் புழுவைக் கொன்றது நொச்சியா, கரைப்பானா என்று யாராலும் சொல்ல இயலாது. ஒப்பீட்டிலேயே 20 விழுக்காட்டுக்கு மேல் செத்தால் அந்தச் சோதனையைக் கைவிட வேண்டும்.

இதில் ஒரு விலக்கு உண்டு, அதைத்தான் பலர் மறைக்கிறார்கள். சோதனைக்கு நடுவே சில புழுக்கள் கூட்டுப்புழுவாக மாறிவிடும். அவை சாகவில்லை, வளர்ந்துவிட்டன. ஆகவே அவற்றைச் செத்தவற்றிலும் சேர்க்கக்கூடாது, பிழைத்தவற்றிலும் சேர்க்கக்கூடாது, மொத்தக் கணக்கிலிருந்தே கழிக்க வேண்டும். ஒப்பீட்டுக் கிண்ணங்களில் பத்தில் ஒன்றுக்கு மேல் அப்படி மாறியிருந்தால், முழுச் சோதனையையும் மறுபடி செய்ய வேண்டும். மாறும் தறுவாயிலுள்ள முற்றிய புழுக்களைச் சோதனைக்கு எடுத்து, மாறியவற்றையும் செத்ததாக எழுதினால், எந்த இலையும் அருமருந்தாகத் தோன்றும்.

கிழங்கு அழுகல் முற்றிலும் வேறு கதை. பெரும்பாலும் அதற்குக் காரணமான பித்தியம் என்ற நுண்ணுயிர், பூஞ்சைகளோடு சேர்த்துப் பேசப்பட்டாலும் உண்மையான பூஞ்சை அன்று. கொசுப்புழுவைக் கொன்ற சாறு இதையும் தடுக்கும் என்று கொள்ள இடமில்லை. ஆய்வகத் தட்டில், நுண்ணுயிர்களை வளர்க்கும் உருளைக்கிழங்குக் கூழில் சாற்றைக் கலந்து, அதில் பித்தியம் எவ்வளவு பரவுகிறது என்று சாறு கலக்காத தட்டோடு ஒப்பிட்டு அளப்பார்கள். தட்டில் தடுத்த சாறு, மண்ணில் நீர்த்துப்போய்ப் பயனற்றுப் போவதும் உண்டு. வடிகால் சரியில்லாத வயலில் எந்தச் சாறும் பெரிதாக உதவாது.

இலைச் சாறுகளைப் பற்றிக் கல்லூரிகளில் கட்டுரைகள் குவிகின்றன. அந்தச் சாறுகளில் ஒன்றையேனும் பதிவு வரை கொண்டுபோக ஒரு விவசாயிக்குக் கைகொடுக்க ஆளில்லை, அந்த வெற்றிடத்தில்தான் முகவர் நுழைகிறார். அழுகிய கிழங்கை மண்ணோடு எடுத்துக்கொண்டு, கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயிர் நோயியல் துறைக்கு நீங்களே செல்லுங்கள். அதன்பிறகும் தனியார் சோதனை வேண்டுமென்றால், ஒப்பீட்டுக் கிண்ணங்களில் புழுக்களை எண்ணிய கணக்குத் தாளைத் தருவதாக எழுதித் தராதவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.