வரைபடத்தில் விடுபடும் தெரு
வாசகர் கேள்வி – பதில்: சமூகப்பணி, ஊரக வளர்ச்சிப் படிப்புகள்

கே: மகள் பிளஸ் 2 வணிகவியல் முடித்துவிட்டாள். சமூகப்பணி இளநிலைப் பட்டமான பி.எஸ்.டபிள்யூ.தான் படிப்பேன் என்கிறாள். பக்கத்தில் அந்தப் படிப்பு இல்லை. வெளியூர் அனுப்பலாமா? இங்கேயே ஏதாவது ஒரு பி.ஏ.வில் சேர்க்கலாமா?
– ஒரு தாய், மன்னார்குடி

ப: எந்தப் பாடத்தில் பட்டம் வாங்கியிருந்தாலும் சமூகப்பணி முதுநிலைப் பட்டமான எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு விண்ணப்பிக்கலாம். அதனால் உள்ளூரில் பி.ஏ. சேர்ந்தால் வழி அடைபட்டுவிடாது. முதுநிலைக்குத் திருவாரூர் நீலக்குடியில் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதற்கு க்யூட் (CUET) என்ற முதுநிலைப் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகம், பிஷப் ஹீபர் கல்லூரி இரண்டிலும் எம்.எஸ்.டபிள்யூ. உண்டு. இளநிலையிலேயே ஊரக வளர்ச்சியோடு சேர்த்துப் படிக்க டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் துல்ஜாப்பூர் வளாகத்தைச் சிலர் விசாரிக்கிறார்கள். அது மகாராஷ்டிரத்தில் இருக்கிறது, களம் மராத்தி பேசும் கிராமங்கள். மொழிக்கே ஒரு வருடம் போய்விடும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பி.எஸ்.டபிள்யூ.தான் என்று முடிவானால், கல்லூரிக் கட்டடத்தைப் பார்ப்பதற்கு முன் துறைத்தலைவரிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். வாரத்துக்கு எத்தனை நாள் களப்பணி? ஒரு மேற்பார்வை ஆசிரியரின் பொறுப்பில் எத்தனை மாணவர்கள்? களத்துக்குப் போய்வரும் பஸ் செலவு யாருடையது? ஒருவரிடம் முப்பது மாணவர்கள் என்றால் வாராந்தரத் தனிக் கலந்துரையாடல் நடக்காது. பருவ முடிவில் அறிக்கைகளைக் கட்டாக வாங்கி மொத்தமாகக் கையெழுத்துப் போடுவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் மூன்று வருடம் படிப்பதைவிட, நல்ல பொருளியல் பி.ஏ. ஒன்றை முடித்துவிட்டு எம்.எஸ்.டபிள்யூ. போவது மேல்.

ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். அஞ்சல்வழிப் படிப்புக்கு அது கிடையாது.

கே: ஊராட்சி அலுவலகத்தில் சார்ட் பேப்பர் விரித்து சமூக வரைபடம் (ஊர் மக்களே தங்கள் தெரு, வீடு, பொது இடங்களை வரைந்து காட்டுவது) போட்டோம். பத்துப் பேர் வந்து உதவினார்கள். ஆசிரியர் "இது பாதி ஊர்தான்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். எங்கே தவறு?
– முதலாண்டு மாணவர்கள், திருத்துறைப்பூண்டி

ப: இடம், நேரம், பேனா மூன்றிலும் தவறு இருக்கிறது.

காலை பத்து மணிக்கு ஊராட்சி அலுவலகத்தில் உட்கார்ந்தால் வருபவர்கள் யார்? வேலைக்குப் போகாதவர்கள், அல்லது அலுவலகத்துக்கு வந்து பழகியவர்கள். விவசாயக் கூலிக்குப் போகிறவர்கள் அந்த நேரத்தில் வயலில் நிற்பார்கள். மாலை ஐந்தரைக்கு மேல் போங்கள். நாகை, வேதாரண்யம் கடலோரம் என்றால் கணக்கே வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடித் தடைக்காலத்தில் ஆண்கள் கரையில் கிடைப்பார்கள். உங்கள் பருவத்தேர்வும் அதே நேரத்தில் வந்து நிற்கும், அதற்கேற்பத் திட்டமிடுங்கள்.

ஒரே வரைபடத்தோடு முடித்துவிடாதீர்கள். ஊர்த்தெருவில் ஒன்று, தலித் குடியிருப்பில் ஒன்று, பெண்களை மட்டும் வைத்து ஒன்று. ஒவ்வொன்றுக்கும் பதினைந்து இருபது பேர் போதும். கூட்டம் கூடினால் ஒரே ஒருவர் பேசுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். முதலில் போக வேண்டியது தலித் குடியிருப்புக்கு. ஊர்த்தெருவில் நாற்காலி போட்டு, காப்பி குடித்துவிட்டு அங்கே போனால், யாருடைய ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்று அவர்கள் முன்பே முடிவு செய்திருப்பார்கள்.

சார்ட் பேப்பர் வேண்டாம். ஸ்கெட்ச் பேனாவைக் கண்டதும் எழுதத் தெரியாதவர் பின்னால் நகர்ந்துவிடுவார், கடைசியில் நீங்கள்தான் வரைவீர்கள். மண்தரையில் கோலப்பொடி, சாம்பல், வீடுகளுக்குப் புளியங்கொட்டை. குச்சியை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு விலகி உட்காருங்கள். எல்லாருக்கும் தெரிந்த ஓர் இடத்தில், வாய்க்கால் மதகிலோ கோயில் குளத்திலோ தொடங்கச் சொன்னால் மீதி தானாக விரியும். ரேஷன் கடை, அங்கன்வாடி, கைபம்பு எல்லாம் சொல்லாமலே வந்துவிடும். சுடுகாட்டுப் பாதையை மட்டும் கேட்டு வாங்குங்கள். டெல்டாவில் அந்தப் பாதை பல ஊர்களில் யாரோ ஒருவரின் வயல் வரப்பாகவோ, மழைக்காலத்தில் இடுப்பளவுத் தண்ணீராகவோ இருக்கும். ஊர்த்தெரு வரைபடத்தில் அது இருக்காது. மூன்று வரைபடங்களும் ஒத்துப்போகாத இடங்களைத்தான் ஆசிரியர் அறிக்கையில் தேடுவார்.

ஆடு மாடு மிதிப்பதற்குள் படம் எடுத்துவிடுங்கள். அன்றிரவே ஏ4 தாளில் பிரதி எடுத்து வடக்குத் திசை, தேதி, இடம், கலந்துகொண்ட ஆண் பெண் எண்ணிக்கை, குறியீட்டு விளக்கம் எல்லாம் போடுங்கள். வீட்டு எண்ணிக்கையை அங்கன்வாடியில் இருக்கும் குடும்பக் கணக்கெடுப்புப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள்.

நிலத்தைப் பற்றிக் கேட்கும்போது "எத்தனை ஏக்கர்?" என்று நிறுத்தாதீர்கள். கோயில், மடத்து நிலங்களில் குத்தகைச் சாகுபடி இங்கே ஏராளம். பட்டா யார் பெயரில், சாகுபடி செய்வது யார், குத்தகை பதிவாகியிருக்கிறதா, குடியிருக்கும் மனை யாருடையது என்று தனித்தனியாகக் கேட்டால்தான் குத்தகைதாரர் உங்கள் அட்டவணையில் நில உடைமையாளராகவோ நிலமற்றவராகவோ தவறாக விழமாட்டார். 1952-ன் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், 1969-ன் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம், 1971-ன் குடியிருப்பு உரிமைச் சட்டம் மூன்றையும் நூலகத்தில் தேடிப் படியுங்கள். தில்லியில் அச்சான ஊரக வளர்ச்சிப் பாடநூலை மட்டும் நம்பினால் இந்த மண்ணின் பாதி புரியாது.

கே: ஊரின் பயிர், வேலை, கடன் எல்லாம் எந்த மாதம் எப்படி என்று மக்களிடம் கேட்டுப் போடும் பருவகால நாட்காட்டி, யார் போட்டாலும் ஒரே மாதிரி வருகிறதே?
– மாணவி, பாபநாசம்

ப: ஜனவரி, பிப்ரவரி என்று கட்டம் போட்டிருப்பீர்கள். சித்திரையில் தொடங்குங்கள், ஆடிப்பெருக்கு, தீபாவளி, பொங்கல் மூன்றையும் முளைகளாக அடித்தால் மற்ற மாதங்கள் நினைவுக்கு வந்துவிடும். ஜூன் 12 மேட்டூர் திறப்பு ஒரு முக்கியப் புள்ளி. அணை தாமதமாகத் திறந்த வருடத்தைத் தனி வரிசையாகக் கேளுங்கள்.

குறுவை, சம்பா, தாளடி, அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பாக நெல்லுக்குள் தெளிக்கும் உளுந்து என்று பயிரோடு நிறுத்திவிடுவதால்தான் எல்லாம் ஒன்றுபோல் தெரிகிறது. ஆண் வேலை நாள், பெண் வேலை நாள், கடன், காய்ச்சல், திருப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் என்று வரிசை சேர்த்து, ஒவ்வொரு வரிசைக்கும் இருபது கூழாங்கல் கொடுத்து மாதங்களுக்குப் பங்கிடச் சொல்லுங்கள். அறுவடை எந்திரம் வந்தபின் தை மாதத்துப் பெண் வேலை நாளுக்கு எத்தனை கல் விழுகிறது என்று பாருங்கள். நெல் விற்ற பணம் கைக்கு வரும் தேதியும் அறுவடைத் தேதியும் ஒன்றல்ல. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல் களத்திலேயே காயும், கடன் வரிசையில் அந்த நாட்கள் தெரியும்.

கே: மகளிர் குழுவைக் கவனித்து அறிக்கை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எதைப் பார்ப்பது?
– மாணவர், கும்பகோணம்

ப: அது எந்தக் குழு என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். வாராவாரம் தவணை வசூலிக்க நுண்கடன் நிறுவனம் சேர்த்த குழுவையும் ஊரில் "மகளிர் குழு" என்றே சொல்வார்கள். அதில் உறுப்பினர்களின் சொந்தச் சேமிப்போ, அந்தச் சேமிப்பிலிருந்து உறுப்பினருக்கே தரும் உள்கடனோ இருக்காது. சுய உதவிக் குழு என்றால் முறையான கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிச் செலுத்துதல், கணக்கு எழுதுதல் என்ற ஐந்து நெறிகள் உண்டு. ஒரே பெண்ணே இரண்டிலும் இருப்பார், ஒன்றில் வாங்கி இன்னொன்றில் கட்டுவார். கணக்குப் புத்தகம் அதைக் காட்டாது.

தீர்மானப் புத்தகத்தைப் புரட்டுங்கள். ஆறு மாதக் கூட்டம் ஒரே மையில், ஒரே கையெழுத்தில் இருந்தால் தணிக்கைக்கு முந்தின இரவு எழுதியது. அதற்காகக் குழுவைக் குறைசொல்லி எழுதாதீர்கள். எழுதத் தெரிந்தவர் ஒருவர்தான் என்பதும், அவருக்கு அந்த வேலைக்கு எதுவும் கிடைப்பதில்லை என்பதும் காரணமாக இருக்கலாம், கேட்டு எழுதுங்கள். இரண்டு உறுப்பினர்களின் பாஸ்புக்கை அவர்கள் சம்மதத்தோடு பேரேட்டோடு ஒப்பிடுங்கள். அறிக்கையில் பெயர் போடக் கூடாது.

கே: கிராம சபையில் நாங்கள் பேசலாமா?

ப: அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் உள்ளவர்களே உறுப்பினர்கள். நீங்கள் பார்வையாளர்கள், ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். 3,001 முதல் 10,000 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சியில் குறைவெண் வரம்பு (கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை) 200 பேர். தலைகளை எண்ணுங்கள், பிறகு பதிவேட்டில் உள்ள கையெழுத்துகளின் எண்ணிக்கையைக் கேளுங்கள்.

கே: வேலையில் இருந்துகொண்டே இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) வழியாக பி.எஸ்.டபிள்யூ. முடிக்க முடியுமா?

ப: முடியும். மூன்று வருடப் படிப்பு, ஆறு வருடம் வரை நீட்டிக்கலாம். தேர்வில் தேறி, களப்பணியில் சிக்கி நிற்பவர்கள்தான் அதிகம். விடுமுறை நாளில் மட்டும் போனால் வங்கி, ஒன்றிய அலுவலகம், பள்ளி எல்லாம் பூட்டியிருக்கும். மேற்பார்வையாளர் முன்கூட்டியே அமைவதையும், அலுவலகத்தில் வார நாள் அனுமதி கிடைப்பதையும் உறுதி செய்துகொண்டு பணம் கட்டுங்கள்.

கே: படித்தால் வேலை கிடைக்குமா?

ப: மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம், தொண்டு நிறுவனங்கள், நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதித் திட்டங்கள் என்று இடம் உண்டு. பெரும்பாலும் ஒப்பந்த வேலைதான், பல பணிகளுக்கு எம்.எஸ்.டபிள்யூ. கேட்பார்கள். மனநல மருத்துவமனைப் பக்கம் போக விருப்பமென்றால் எம்.எஸ்.டபிள்யூ.வுக்குப் பிறகு மனநலச் சமூகப்பணியில் தனிப் படிப்பு தேவைப்படும். நேர்காணலுக்குச் சான்றிதழ்களோடு உங்கள் களப்பணி அறிக்கைகளில் நன்றாக வந்த இரண்டை எடுத்துப் போங்கள். தமிழ்த் தட்டச்சு, எக்செல், இரு சக்கர வாகன உரிமம் மூன்றும் மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் கையில் இருக்கட்டும். பணி ஆணையில் பயணப்படி தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.