கடைக்கு வெளியே வைக்கும் பெயர்ப்பலகைக்கு எந்தப் பொருள் நீடித்து உழைக்கும், விலையும் கட்டுப்படியாகும்?

பெயர்ப்பலகை செய்து கொடுப்பது என் தொழில். அலுமினியமா, அக்ரிலிக்கா, ஃபிளெக்ஸா என்று கேட்டிருக்கிறீர்கள். சிறு கடைக்கு நான் சொல்வது இதுதான்: 3 மி.மீ. ஏசிபி (அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த அடுக்குத் தகடு), அதன்மேல் நல்ல வினைலில் (பசையுள்ள பிளாஸ்டிக் தாளில்) வெட்டி ஒட்டிய எழுத்து, துருப்பிடிக்காத எஃகுத் திருகுகள். இந்த மூன்றில் தகடு கடைசியில்தான் கெடும். முதலில் வெளிறுவது நிறம், அடுத்து, மலிவானதைப் போட்டால், துருவேறுவது திருகு. ஆனால் விலையைக் குறைக்கச் சொன்னால் செய்பவர் கை வைப்பது இந்த இரண்டிலும்தான், ஏனென்றால் மாட்டிய அன்று அந்த வித்தியாசம் யார் கண்ணுக்கும் தெரியாது.

முதலில் தகடு. ஏசிபி என்பது இரண்டு மெல்லிய அலுமினியத் தோல்களுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்து அழுத்தியது. 3 மி.மீ., 4 மி.மீ. என்று மொத்தக் கனத்தைத்தான் சொல்லி விற்பார்கள். பலகையின் விறைப்பைத் தீர்மானிப்பதில் தோலின் கனத்துக்குப் பெரும் பங்கு உண்டு. மலிவான தகடுகளில் அது 0.1 மி.மீ. அளவில்கூட இருக்கும், விரலால் அழுத்தினாலே குழி விழும். 0.2 முதல் 0.3 மி.மீ. வரை இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். வெட்டிய ஓரத்தை வெளிச்சத்தில் பார்த்தால் தோலின் கனம் தெரியும். பூச்சிலும் தரம் இருக்கிறது. பாலியெஸ்டர் பூச்சு விலை குறைவு, ஆனால் சில ஆண்டு வெயிலுக்குப் பிறகு விரலால் தேய்த்தால் சுண்ணாம்பு போலப் பொடி ஒட்டும். பிவிடிஎஃப் என்னும் ஃபுளோரின் கலந்த பிளாஸ்டிக் பூச்சு அதைவிட நெடுநாள் தாங்கும். நாள் முழுக்க வெயில் படும் சுவரானால் அதற்குக் கூடுதலாகக் கொடுப்பது வீண் அல்ல. நிழலான இடத்துக்குப் பாலியெஸ்டரே போதும்.

இனி நிறம். பணம் போட வேண்டிய இடம் இது. வினைலில் மோனோமெரிக், பாலிமெரிக், காஸ்ட் என்று மூன்று தரம் உண்டு. மோனோமெரிக் வினைல் நாளாக ஆகச் சுருங்கும். எழுத்தின் ஓரம் உள்வாங்கி, சுற்றிலும் பசை மட்டும் ஒரு கோடாக வெளியே நிற்கும். அதில் தூசி படிந்து, ஒவ்வொரு எழுத்துக்கும் கறுப்புக் கரை கட்டியது போல ஆகிவிடும். திறப்பு விழாவுக்கோ தள்ளுபடி விற்பனைக்கோ அது சரி. கடையின் பெயருக்குப் பாலிமெரிக்தான் குறைந்தபட்சம். காஸ்ட் விலை அதிகம்; தட்டையான பலகைக்கு அவசியமில்லை, வளைவு நெளிவுள்ள பரப்புக்கு அதுதான் வேண்டும்.

அச்சிட்ட எழுத்தைவிட, நிறமே ஊறிய வினைலை வெட்டி ஒட்டிய எழுத்து நீண்ட நாள் நிற்கும். அச்சு மையில் மஞ்சளும் மெஜந்தாவும் முதலில் வெளிறும். சியான் நீலமும் கறுப்பும் தாக்குப்பிடிக்கும். பழைய பேனர்களில் மனித முகங்கள் நீலம் பாய்ந்து நிற்பது இதனால்தான். அச்சில் வரும் சிவப்பு அந்த மஞ்சளும் மெஜந்தாவும் சேர்ந்தது. ஆகவே அச்சிட்ட சிவப்பு எழுத்தில் கடைப் பெயரைப் போடாதீர்கள். படம் கட்டாயம் வேண்டுமென்றால் மேலே புற ஊதாக் கதிரைத் தடுக்கும் லேமினேஷன் போடச் சொல்லுங்கள். சின்னத்தை மட்டும் அச்சிட்டு, பெயரை வெட்டி ஒட்டுவது எனக்குப் பிடித்த வழி, செலவும் அடங்கும்.

திருகையும் சட்டத்தையும் பற்றி யாரும் கேட்பதில்லை, ஆனால் பலகை கீழே விழுவது அவற்றால்தான். சாதா இரும்புத் திருகு மழை பட்டதும் துருவேறி, வெள்ளைப் பலகையில் பழுப்புக் கோடாக வழியும். பித்தளைத் திருகும் வேண்டாம். நனையும்போது அதைத் தொட்டிருக்கும் அலுமினியம் அரித்துப்போகும். துருப்பிடிக்காத எஃகே சரி. கடற்கரையை ஒட்டிய இடமென்றால் அந்த எஃகில் 304 என்ற ரகம் போதாது, மாலிப்டினம் என்ற உலோகம் கலந்த 316 ரகத்தைக் கேளுங்கள். பின்னால் வரும் சட்டம் இரும்பானால் துத்தநாகம் பூசியதாக இருக்கட்டும். பற்றவைத்த இடங்களில் அந்தப் பூச்சு எரிந்துபோயிருக்கும், அங்கே துத்தநாகப் பெயின்ட் அடித்தார்களா என்று நீங்களே நின்று பாருங்கள்.

காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டரை ஏறக்குறைய 48 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் உயரம் உள்ள பலகைக்கு அது நூறு கிலோவை நெருங்கும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். சுவரிலிருந்து துருத்திக்கொண்டு நிற்கும் பலகைக்குச் செங்கல்லில் அடித்த பிளாஸ்டிக் பிளக் போதவே போதாது. கீழே மனிதர்கள் நடக்கிறார்கள். இந்த ஒன்றில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஃபிளெக்ஸ் தற்காலிகத்துக்கு மட்டும். வெயிலில் விறைத்து மடிப்புகளில் வெடிக்கும். ஃபோம் போர்டு (நுரைத்த பிவிசி பலகை) கூரைக்கடியில் நன்றாக உழைக்கும், நேரடி வெயிலில் நெளியும், அதுவும் கருநிறம் அடித்தால் சூடேறி இன்னும் சீக்கிரம். எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வெளியே வேண்டவே வேண்டாம், ஓரத்தில் ஈரம் இறங்கினால் ஊதிவிடும். அக்ரிலிக் வெயிலை நன்றாகத் தாங்கும், விளக்குப் பெட்டிக்கு அழகு. ஆனால் 2 மீட்டர் தாள் 30 டிகிரி வெப்ப மாற்றத்தில் 4 மி.மீ. வரை நீளும். திருகின் அளவுக்கே துளை போட்டு இறுக்கினால் துளையிலிருந்து விரிசல் ஓடும். துளையைப் பெரிதாக்கி, வாஷர் வைத்து, இடம் விட்டு மாட்ட வேண்டும். விளக்குப் பெட்டியின் அடியில் தண்ணீர் வடியத் துளை விடச் சொல்லுங்கள். எவ்வளவு சிலிகான் பூசினாலும் உள்ளே ஈரம் சேரும்.

உண்மையிலேயே கையில் பணம் குறைவு என்றால், துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டில் கையால் எழுதிய பலகையை மறந்துவிடாதீர்கள். நல்ல ஓவியர் எழுதினால் இன்றும் அதன் களையே தனி; மங்கினால் மேலேயே மறுபடி எழுதலாம். ஒரே நிபந்தனை: எண்ணெய்ப் பெயின்டைத் துத்தநாகத்தின்மேல் நேராக அடிக்கக் கூடாது. துத்தநாகத்தோடு வினைபுரிந்து, அடியில் சோப்பு போன்ற படலம் உண்டாகி, பெயின்ட் ஏடு ஏடாக உரியும். அதற்கென்று உள்ள பிரைமரை முதலில் அடிக்க வேண்டும்.

கட்டட முகப்பு முழுவதையும் ஏசிபியால் மூடும் எண்ணம் இருந்தால் தீத்தடுப்பு உள்ளீடு (நடு அடுக்கு) உள்ள தகட்டை மட்டுமே வாங்குங்கள். 2017-இல் லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் 72 பேர் இறந்த விபத்தில் தீ மளமளவென்று ஏறியதற்கு பாலிஎத்திலீன் உள்ளீடு கொண்ட இத்தகைய முகப்புத் தகடுகளே முக்கியக் காரணம்.

விலை கேட்கும்போது மொத்தத் தொகையை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். தோலின் கனம், பூச்சு, வினைலின் தரம், லேமினேஷன் உண்டா இல்லையா, திருகின் வகை ஆகியவற்றைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். இரண்டு மூன்று பேரிடம் இப்படி வாங்கினால், ஒருவர் ஏன் மலிவு என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.