இரண்டு பக்கமும் தோண்டினால் நடுவில் சேருமா?

கேள்வி: ரயில் சுரங்கத்தை இரு முனையிலிருந்தும் தோண்டுகிறார்களே, நடுவில் எப்படிச் சரியாகச் சந்திக்கிறது?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: எல்லாம் சர்வேயர்களின் உழைப்பு. சுவிட்சர்லாந்தின் கோத்தார்டு பேஸ் ரயில் சுரங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், 57 கி.மீ. நீளம். மலைக்கு வெளியே ஜிபிஎஸ் வைத்துப் புள்ளிகளைக் குறித்துவிடலாம், உள்ளே அது எடுபடாது. அப்புறம் ஒளிக்கதிரால் தூரத்தையும், கூடவே கோணத்தையும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியை வைத்துக்கொண்டு புள்ளி புள்ளியாக அளந்தபடியே போக வேண்டும்; அதிலும் சுவரோரச் சூட்டில் ஒளிக்கதிர் லேசாக வளைந்து திசையைக் கெடுக்கும் என்பதால், பூமியின் சுழற்சியைக் கொண்டு வடக்கைக் காட்டும் கைரோ கருவியால் சரிபார்த்தார்கள். 2010 அக்டோபர் 15 அன்று நடுவில் மிஞ்சிய பாறை உடைந்து இரு பக்கமும் சந்தித்தபோது விலகல் பக்கவாட்டில் 8 செ.மீ., உயரத்தில் வெறும் 1 செ.மீ.! அந்த வேலையைச் செய்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.